சி நான்கு, குப்பை கலந்திருக்கிறது

வீடு பாக்க வந்தீங்களா அம்முணி? சி மூணுதானுங்க? அது என்ற ஊட்டுக்கு நேர் எதிர்க்கதவு. சாவி நிரஞ்சனாகிட்ட இருக்குது. அவதான் இப்ப அசோசியேசன் செகரட்டரி. பம்பு கம்பெனியில இஞ்சினியரா இருக்கறா, வேலை முடிஞ்சு வந்துட்டிருக்கறாளாமா, வாட்ச்மேன் சொன்னான். அதுவரைக்கும் எதுக்கு வெயில்ல நிக்கறீங்க? வந்து இந்த பெஞ்சுல உக்காருங்க. நான் மனோன்மணி. சி நாலு.

வீட்டுக்கு ஒரு குறையுமில்லீங்க. சிறுவாணித் தண்ணி வருது, நல்லா காத்து வருது. சாமி ரூமு கெழக்குப் பாத்து இருக்குது. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன், அப்பறம் முன்னாடியே சொல்லலீன்னு என்ற மேல வருத்தப்படக் கூடாது. அதா, வண்டி நிறுத்தற மூலையில பச்சையா நிக்குது பாருங்க, ரண்டு பீரோவ ஒட்டி வெச்சாப்புல? அதைப் பத்தி முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு அட்வான்ஸ் குடுங்க.

குப்பை மெஷினுங்க. கணபதி ஏரியாவுல ஏதோ ஒரு சின்னப் பட்டறையில நிரஞ்சனாகூடப் படிச்ச பசங்க செஞ்சது. ஊட்டுக்கொரு கார்டு. கார்டைக் காமிச்சாத்தான் கதவு திறக்கும். குப்பையை உள்ள போட்டா பெல்ட்டு ஓடும். உள்ள கேமரா உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணாப் பாக்குது. இது பால் கவரு, இது பேப்பரு, இது தகர டப்பான்னு கண்டுபிடிச்சு, காத்தை ஊதி அததை அந்தந்தப் பொட்டியில தள்ளிப்போடுது. தகரத்துக்குக் காந்தம். பாட்டிலை நசுக்கிக் கட்டாக் கட்டிப்போடுது. ஈரக்குப்பையெல்லாம் அக்கட்டால இருக்கற தொட்டிக்குப் போயி அடுப்பு எரிக்கற கேஸாகுது. நல்ல வித்தைதானுங்க, நான் இல்லீங்கலை. ஆனா அது வாயத் திறக்குதுங்க! ரேடியோவுல நியூஸ் வாசிக்கறவளாட்ட ஒரு பொம்பளைக் குரலு. "சி நான்கு. குப்பை கலந்திருக்கிறது. தயவுசெய்து பிரித்துப் போடவும்." நாலு பேரு ஸ்கூட்டர் எடுக்கற நேரத்துல, நடு வாசல்ல, ஊட்டு நம்பரைச் சொல்லி! தயவுசெய்துன்னு சொல்லிப்போட்டா மரியாதை ஆயிருமாங்க? என்ற மாமியாகூட ஒரு நாளு என்னை அப்பிடி வாசல்ல வெச்சுச் சொன்னதில்லீங்க.

முந்தியெல்லாம் இந்தக் கெரகம் ஒண்ணுமில்லீங்க. காத்தால ஒரு கவருல எல்லாத்தையும் போட்டு, முடிச்சுப் போட்டு, கதவுக்கு வெளிய வெச்சா முடிஞ்சுது. மாரக்கா வந்து எடுத்துட்டுப் போயிருவா. மாரக்கான்னா இங்க குப்பை அள்ளறவ. நாப்பது வயசிருக்கும். கீழ கொண்டாந்து கொட்டி, கையாலயே பிரிப்பா. நெம்ப நல்ல பொம்பளைங்க, அப்ப. இருந்த எடம் தெரியாம இருப்பா. நான் அவளை என்ற சொந்தத் தங்கச்சியாட்டத்தான் வெச்சிருந்தேன். பொங்கலுக்கு ஒரு சேலை, தீவாளிக்கு ஒரு சேலை. பழசுதான், ஆனா கிழிசல் குடுக்க மாட்டேன். மீந்த கொழம்பு, இட்லி எதையும் வீணாக்க மாட்டேன், அவளுக்குன்னு எடுத்து வெச்சிருவேன். இந்தக் கட்டடத்துல வேற எவ செஞ்சா சொல்லுங்க?

போன ஐப்பசி மழையில ஒரு நாளு காத்தால கீழ ஒரு சத்தம். மாரக்கா கத்தறா. ஓடிப்போயிப் பாத்தா, கையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கறா. கவரைப் பிரிக்கறப்ப ஊசி குத்திருச்சாமா. ஆளைப் பாத்து முழிக்கறா. நான்தானுங்க முதல்ல போனேன். மஞ்சப்பொடி கொண்டாந்து வெச்சுவிட்டதும் நான்தான். அதை இன்னைக்கு எவளாச்சும் சொல்றாளான்னு கேளுங்க.

நிரஞ்சனா அப்பறம் வந்தா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, கார்ல உக்கார வெச்சு, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா. ஒரு சின்ன ஊசிக்கு இத்தனை அலப்பறையாங்க? அங்க அவிங்க என்னென்னமோ சீக்குப் பேரெல்லாம் சொல்லி, ஒரு மாசத்துக்கு மாத்திரை குடுத்து, ரத்தத்தைத் திருப்பித் திருப்பி வந்து பாத்துக்கோணும்னுட்டாங்களாம். அந்த மாத்திரையத் தின்னு தின்னு வாந்தி. ஆளு பாதியாப் போயிட்டா. அவ புருசன், அவ கையால சோறு போட்டாத் திங்கமாட்டேன்னு தட்டைத் தள்ளிவிட்டுட்டானாம். புள்ளைகளைப் பக்கத்துல படுக்க விடாம, அவளாவே ஒரு மூலையில பாயை விரிச்சுப் படுத்துக்குவாளாம். வாட்ச்மேன் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேக்கறதுக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்றதுங்க?

எங்கூட்டுக்காரரு, சென்னியப்பன்னு பேரு, மில்லுல ஃபிட்டரா இருந்து ஓய்வு வாங்கினவரு. அவருக்குச் சர்க்கரை. தினமும் ஊசி போட்டுக்கறாரு. அன்னைக்குப் பொழுது சாயறப்ப என்கிட்ட வந்து, "ஏ புள்ள, அது நம்முளுது இல்லீல்ல?"ன்னாரு. "நான் பேப்பருல சுத்தித்தான் போடறேன். நம்முளுது எப்பிடி வெளிய வரும்?"னேன். அதோட விட்டுட்டாரு. இந்தக் கட்டடத்துல சர்க்கரைக்காரங்க எத்தனையோ பேரு இருக்கறாங்க அம்முணி. ஊசி மேல பேரா எழுதியிருக்குது?

அதுக்கு மக்யா நாளு நிரஞ்சனா ஊடு ஊடாப் போயிட்டு எங்கூட்டுக்கும் வந்தா. அவரு கோயிலுக்குப் போயிருந்தாரு. "ஆன்ட்டி, யாரையும் குத்தம் சொல்ல வரலை. ஊசி யாரோடதுன்னு தெரிஞ்சா, அவங்க ரத்தத்தையும் ஒரு தடவை பாத்துட்டு, ஒண்ணும் இல்லைன்னா மாத்திரையை நிறுத்திரலாம்னு டாக்டர் சொல்றார். மாரக்கா அக்கா பயமும் போயிரும்"னா. குப்பை அள்ளறவளுக்கு அக்கா! நான், "எங்கூட்ல ஊசியே இல்லை கண்ணு, மாத்திரைதான்"னு சொல்லிக் கதவைச் சாத்திட்டேன். வேறென்ன சொல்றதுங்க? அப்பத்தான் என்ற பையனுக்குப் பொண்ணு பாத்துட்டிருந்தோம். இவரைக் கொண்டுக்கிட்டுப் போயி அந்தச் சீக்கு இருக்குதா இந்தச் சீக்கு இருக்குதான்னு ரத்தம் பாத்தா, ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் என்ன பேசும்? நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க. ஒரு தாயி செய்யறதைத்தான் நான் செஞ்சேன்.

அப்பறந்தான் மீட்டிங்கு போட்டா. இனிமே யாரும் குப்பைக்குள்ள கையை விடக்கூடாது, மெஷின் வாங்கலாம்ங்கறா. சுவத்துல படம் காமிச்சு, கேமரா இப்பிடிப் பாக்கும், பெல்ட்டு இப்பிடி ஓடும், பாட்டிலெல்லாம் போயி நூலாகி பனியனா வரும்னு பாடம் எடுக்கறா. நான் எந்திரிச்சேன். எவனோ வாய் வெச்சுக் குடிச்ச பாட்டிலை நாம மேல போட்டுக்கறதாங்க? அதைக் கேட்டேன். நம்ம ஊட்டுல நாம என்ன தின்னோம், என்ன எறிஞ்சோம்னு ஒரு கேமரா எதுக்குப் பாக்கோணும்? அதையும் கேட்டேன். எல்லாரும் பொம்மையாட்ட உக்காந்திருக்கறாங்க. கடைசியா, "மெஷின் வந்தா நம்ம மாரக்கா பொழப்பு என்னாகறது? ஏழை வயித்துல அடிக்காதீங்க"ன்னேன். நாலு பேரு தலையாட்டினாங்க. அப்பிடியே விட்டிருந்தா மெஷின் வந்திருக்காதுங்க.

இந்த நிரஞ்சனா, "அதை அவங்ககிட்டயே கேட்டுரலாம்"னு மாரக்காவை உள்ள கூப்பிட்டா. அவ வந்து கதவோரமா நின்னா. உக்காருங்கன்னு சேரைப் போட்டாங்க, உக்காரலை. "எனக்கு மெஷினு வேணுமுங்க. கவரைப் பாத்தாலே ஊசி நினைப்புத்தான் வருதுங்க. உள்ள கையை விட முடியலீங்க"ன்னா. என்னைப் பாக்காம, சுவத்தைப் பாத்துச் சொல்றா! அவளுக்காகத்தானே நான் அவ்வளவு நேரம் தொண்டை கிழியப் பேசினேன்? நன்றின்னு ஒண்ணு இருக்குதுங்களா இந்த உலகத்துல?

தையில மெஷின் வந்திருச்சு. மாரக்காவுக்கு நீலக் கோட்டு, முழங்கை வரைக்கும் கையுறை, பூட்ஸு. அவதான் மெஷினுக்கு ஆபரேட்டராம். பட்டனைத் தட்டறா, சிகப்பு லைட்டு எரிஞ்சா என்னன்னு பாக்கறா. நான் ஊட்டுலிருந்து கீழ எறங்கி, கவரைத் தூக்கிக்கிட்டு அவ முன்னாடி போயி நிக்கோணும். போனேன். முதல் நாளே, "சி நான்கு. குப்பை கலந்திருக்கிறது." மாரக்கா ஓடியாந்து, "தேங்கா மட்டையோட பிஸ்கட் கவரு போயிருச்சுங்கம்மா, பிரிச்சுக் கொண்டாங்க"ன்னு எனக்குப் பாடம் சொல்றா. அடுத்த நாளும் அதே. எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க, நிரஞ்சனா என்ற நம்பருக்குன்னு தனியா ஏதோ செஞ்சு வெச்சிருக்கறா. சி மூணுல அப்ப குடியிருந்தவங்க போட்டா ஒரு நாளும் அது குத்தம் சொல்லலை. நன்றிங்குது!

விடுவேனாங்க நானு? பின்னாடி காலி எடத்துல எறியலாம்னு பாத்தேன், கம்பி வேலி போட்டுட்டாங்க. ஒரு நாளு, பட்டுக்கடையில குடுத்த நல்ல பை ஒண்ணுல குப்பையெல்லாம் போட்டு மடிச்சு, டவுன் பஸ்ஸேறிட்டேன். காந்திபுரத்துல எறங்கி எங்காச்சும் தொட்டியில போட்டுட்டு, அப்பிடியே சாமி கும்பிட்டுட்டு வரலாம்னு. காலுக்கடியில வெச்சிருந்தேன். எறங்கறப்ப பாக்கறேன், பையைக் காணோம்! எவளோ பட்டுச்சேலைன்னு நினைச்சுக் கொண்டுக்கிட்டுப் போயிட்டா. அன்னைக்கு ராத்திரிச் சோறு திங்கறப்ப நினைச்சு நினைச்சுச் சிரிச்சேனுங்க. ஊட்டுல போயி ஆசையாக் கையை விட்டிருப்பா பாருங்க. அவளுக்கு நல்லா வேணும். அடுத்தவங்க பொருளுக்கு ஆசைப்பட்டா அப்பிடித்தான்.

அப்பறம் மாசியில ஒரு நாளு. காத்தால நான் கார்டைக் காமிச்சுக் கவரைப் போடறேன். பெல்ட்டு ஓடி, சடார்னு நின்னு, உள்ளிருந்து பீப்பி ஊதறாப்புல ஒரு சத்தம். கதவு தானா மூடிக்கிச்சு. "சி நான்கு. கூர்மையான பொருள். யாரும் தொட வேண்டாம்." திருப்பித் திருப்பி அதையே சொல்லுது. நடக்கப் போறவங்க, ஸ்கூலுக்குப் புள்ளைய அனுப்பறவங்க, வேலைக்குக் கெளம்பின நிரஞ்சனா, எல்லாரும் நின்னுட்டாங்க. எங்கூட்டுக்காரரும் அங்கதான் குனிஞ்சு ஷூ மாட்டிக்கிட்டிருந்தாரு. மாரக்கா சாவி போட்டுத் திறந்து, நீளமா ஒரு இடுக்கியால பேப்பருச் சுருட்டை எடுத்தா. பேப்பரு அவுந்து ஊசி தொங்குது.

நான் சொன்னேன், "அது எங்களுது இல்லை. முன்னாடி போட்டவங்களுதா இருக்கும்."

நிரஞ்சனா சத்தமே போடலீங்க. "ஆன்ட்டி, அன்னைக்கு வந்து கேட்டப்பவும் ஊசியே இல்லைன்னு சொன்னீங்க"ன்னா. அவ்வளவுதான்.

எங்கூட்டுக்காரரு நிமிந்தாரு. "என்னிக்குக் கேட்டே?"ன்னாரு அவளை. அவ சொன்னா. டாக்டரு சொன்னது, ஊடு ஊடா வந்தது, எல்லாத்தையும். அவரு என்னைப் பாத்தாருங்க. கண்ணாலம் பண்ணி இத்தனை வருசத்துல அவரு என்னை அப்பிடிப் பாத்ததில்லை. ஒரு ஷூவு மாட்டியிருக்குது, ஒரு கால்ல சாக்ஸோட நடந்து போயி மாரக்கா முன்னாடி நின்னு ரண்டு கையையும் கூப்பறாரு. "என்ற ஊசிதாம்மா. அன்னைக்குக் குத்தினதும் என்றதாத்தான் இருக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு"ங்கறாரு.

மில்லுல அவரு நடந்து வந்தா பத்துப் பேரு எந்திரிச்சு நிப்பாங்க அம்முணி. அந்த மனுசன் போயி அவ முன்னாடி கையைக் கூப்பறதா? நான் அப்பிடியே பூமிக்குள்ள போயிரலாமான்னு நின்னேன்.

அவ என்ன சொன்னான்னு நினைக்கறீங்க? ஐயையோ வேண்டாங்கய்யான்னு பதறியிருக்கோணுமா இல்லீங்களா? பதறலை. இடுக்கியைக் கீழ வெச்சுட்டு, "அந்த மாத்திரை தின்னப்ப என்ற சின்னப்புள்ள பக்கத்துல வந்து படுக்கோணும்னு அழுவுமுங்கய்யா. நான் தள்ளிவிட்டுட்டே இருந்தேன்"னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு ஊசியை ஒரு டப்பாவுல போட்டு மூடினா. மெஷின் மறுபடி ஓட ஆரம்பிச்சிருச்சு.

அந்த வாரமே அவரு யாரும் சொல்லாமயே போயி ரத்தம் குடுத்துட்டு வந்தாரு. ஒரு சீக்கும் இல்லைன்னு வந்துச்சு. பாத்தீங்களா? நான் சொன்னாப்புல ஒண்ணுமே இல்லை! அப்ப நான் மறைச்சதுல யாருக்கு என்னங்க நட்டம்? இதை அவருகிட்டக் கேட்டேன். எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

அன்னையிலிருந்து எங்கூட்டுக்காரரு எனக்கு இல்லீங்க. அந்த மெஷினுக்குத்தான். காத்தால எந்திரிச்சதும் பால் கவரைக் கழுவிக் கொடியில காயப்போடறாரு. ஊட்டுக்கு ஆரு வந்தாலும் பால் கவரு காத்துல ஆடுது, என்ற சேலைக்குப் பக்கத்துல! ஊசிக்குன்னு ஒரு தகர டப்பா வெச்சு, நெறைஞ்சா ஆஸ்பத்திரியில கொண்டுபோயிக் குடுக்கறாரு. ஒரு நாளு பெல்ட்டு அறுந்து போச்சு. பட்டறைப் பசங்க வர்றதுக்குள்ள இவரே கழட்டி, பல்லு தேஞ்சதை மாத்தி, ஓடவிட்டுட்டாரு. மில்லை விட்டு வந்த பொறகு அவரு மூஞ்சியில அப்பிடி ஒரு வெளிச்சத்தை நான் பாக்கலீங்க. மேல வந்தா அணைஞ்சு போயிருது. அந்தப் பாட்டில் நூலுல நெய்ஞ்ச பனியன் ஒண்ணு நிரஞ்சனா குடுத்தா. அதையே போட்டுக்கிட்டுத் திரியறாரு. ஊட்டுல வேணுங்கறது வேண்டாங்கறது மட்டுந்தான் பேச்சு. சோறு வேணுமா. வேணும். கொழம்பு ஊத்தட்டுமா. போதும்.

மாரக்காவும் மேல வர்றதில்லீங்க. நானா மேலிருந்தே கூப்பிட்டேன், ஒரு நாளு. எனக்கென்ன ரோசமில்லையா, இருந்தும் கூப்பிட்டேன். அவளுக்குன்னு ஜன்னலுக்கு வெளிய தனியா ஒரு டம்ளரு வெச்சிருக்கேன், அதை வேற யாருக்கும் குடுக்கமாட்டேன், அவ்வளவு பாசம். அதுல காப்பி ஊத்தி வெச்சிருக்கேன் வா-ன்னேன். "வேண்டாங்கம்மா, கீழ எல்லாருங்கூடக் குடிச்சுட்டேனுங்க"ங்கறா. எட்டிப் பாத்தா, அந்தக் குப்பைக் கேஸுல அடுப்புப் பத்த வெச்சு டீ போட்டிருக்கறாங்க. வாட்ச்மேன், நிரஞ்சனா, மாரக்கா, எங்கூட்டுக்காரரு, எல்லாரும் ஒரே மாதிரி டம்ளருல ஊதி ஊதிக் குடிக்கறாங்க. நான் மேலிருந்து பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டேன்.

போன வாரம் என்னாச்சுன்னா, மாரக்காவுக்குக் கடைசி ரத்தப் பரிசோதனை. ஒண்ணுமில்லை, இனிமே வரவேண்டாம்னு சொல்லிட்டாங்களாம். கீழ ஒரே சத்தம். அந்தக் கேஸுலயே கேசரி கிண்டி ஊட்டுக்கு ஊடு குடுத்துவிட்டாங்க. எங்கூட்டுக்காரரு ஒரு கிண்ணத்தைக் கொண்டாந்து மேசை மேல வெச்சாரு. "மாரக்கா குடுத்துவிட்டா"ன்னாரு. அந்த மாசத்துலயே அவரு என்கிட்டப் பேசின பெரிய பேச்சு அதுதான்.

குப்பையில வந்த நெருப்புல செஞ்சதை நான் திங்கறதாங்க? தொடலை. பொழுது சாயற வரைக்கும் அங்கயே இருந்துச்சு. அப்பறம் எறியலாம்னு பாத்தா எங்க எறியறது? கீழதான் கொண்டுபோகோணும். அவரு இல்லாத நேரமாப் பாத்து, கார்டையும் கிண்ணத்தையும் எடுத்துட்டு எறங்கினேன். அங்க மாரக்கா கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, ஊட்டுக்குக் கெளம்பி நிக்கறா. என்னையும் பாத்தா, கிண்ணத்தையும் பாத்தா.

"பிடிக்கலீங்களாம்மா?"ன்னா.

பின்னாடி ரண்டு மூணு பேரு வேற பையோட நிக்கறாங்க. மெஷினு கதவைத் திறந்து வெச்சுக் காத்துட்டிருக்குது. என்ன தோணுச்சோ தெரியலை, நின்ன எடத்துலயே கையில எடுத்துத் தின்ன ஆரம்பிச்சுட்டேன். பூராத்தையும். அவ பாத்துக்கிட்டே நின்னா. சும்மா சொல்லக்கூடாது, நெய்யும் முந்திரியும் தாராளமாப் போட்டிருந்தா. சர்க்கரைதான் கொஞ்சம் ஜாஸ்தி.

தின்னு முடிச்சதும், "கிண்ணத்தைக் கழுவிக் குடுத்துருங்கம்மா, என்ற ஊட்டுக் கிண்ணமுங்க அது"ன்னா. என்கிட்ட அம்முணி! இத்தனை சேலை குடுத்த என்கிட்ட! அதா அந்தக் குழாயிலதான் கழுவினேன். கழுவி, முந்தானையில தொடைச்சு அவ கையில குடுத்தேன். வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, போயிட்டு வர்றேனுங்கன்னு போயிட்டா.

அப்பிடிப்பட்ட எடமுங்க இது. ஊட்டுக்காரனை ஊட்டுக்காரிகிட்ட இருந்து பிரிச்சுப்போடற மெஷினு. நல்லா ரோசனை பண்ணிக்கங்க.

இதா, ஸ்கூட்டர் சத்தம் கேக்குது. நிரஞ்சனாதான் வர்றா. நான் இத்தனை பேசினதைச் சொல்லிப்போடாதீங்க, என்ன? நல்ல புள்ளைதான், வாய்தான் கொஞ்சம். நீங்க மேல போயி வீட்டைப் பாருங்க. சமையக்கட்டு ஜன்னலைத் திறந்தா என்ற சமையக்கட்டு தெரியும். நின்ன எடத்துலிருந்தே பேசிக்கலாம்.

எடுத்துக்கங்க அம்முணி. எதிர்க்கதவு பூட்டியே கெடக்குது. எனக்குப் பேச ஆளில்லீங்க.